ஜூலையில் சாவி, ஆவணியில் முகூர்த்தம்: புது வீட்டில் முதலில் எதைப் பார்ப்பது?

மேற்குவாசல்
எல்லாருக்கும் வணக்கம். நான்கு வருடக் காத்திருப்புக்குப் பிறகு, சிங்கப்பூரில் எங்கள் பிடிஓ வீட்டுக்கு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டித்தரும் புது வீட்டுக்கு, ஜூலை இரண்டாம் வாரம் சாவி கொடுக்கப் போகிறார்கள். நான்கறை வீடு, 11வது மாடி. நான், மனைவி, மகன், அம்மா என்று நான்கு பேர். இப்போது வாடகைக்கு இருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் அந்தப் பணம் கையை விட்டுப் போவதைப் பார்க்கும்போது சீக்கிரம் குடியேறினால் போதும் என்றிருக்கிறது.

அம்மா ஆவணியில் ஒரு முகூர்த்தம் பார்த்து வைத்துவிட்டார். ரெனொவேஷன் கான்ட்ராக்டர் "சாவி வாங்கிய மறுநாளே ஆள் அனுப்புகிறேன், ஆறு வாரத்தில் முடித்துவிடலாம், முகூர்த்தத்துக்கு வீடு தயார்" என்கிறார். குறைகளைச் சரிபார்ப்பது பற்றிக் கேட்டால், "புது வீடுதானே, அதை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். இது போதுமா? எங்கள் குடும்பத்தில் புது வீடு வாங்குவது இதுதான் முதல் தடவை. சொல்லித்தர ஆளில்லை.

ஈசூன் மீனா
போதாது தம்பி. என் கதையைக் கேளுங்கள்.

நாங்கள் வாங்கியது கொண்டோ, தனியார் அடுக்குமாடி வீடு. சாவி வாங்கி ஐந்தாம் நாள் தச்சுவேலை ஆரம்பித்துவிட்டோம். சமையலறையில் மேலும் கீழும் அலமாரி, அழகாகத்தான் இருந்தது. 14வது மாதம் ஒரு நாள் கீழ் அலமாரியிலிருந்து அரிசி டின்னைத் தூக்குகிறேன், டின்னின் அடிப்பக்கம் ஈரம். குனிந்து கையை விட்டுப் பார்த்தால் பலகை பாலில் நனைந்த ரஸ்க் மாதிரி ஊறிப்போய், விரல் பட்ட இடமெல்லாம் உதிர்கிறது. அலமாரியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சுவருக்குள் போகும் குழாயின் இணைப்பில் முதல் நாளிலிருந்தே சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது. சுவரில் அதன் தடம் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது.

கட்டிய நிறுவனத்தைக் கூப்பிட்டால், 12 மாதம் தாண்டிவிட்டது என்றார்கள். தச்சரைக் கேட்டால், குழாய் என் வேலை இல்லை என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். தவறு எங்களுடையது. அலமாரி வைப்பதற்கு முன் ஒரு வாரம் தினமும் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்திருந்தால் போதும்.

கான்ட்ராக்டர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் குறை தேடுவதில் அவருக்கு என்ன லாபம்? குறை கண்டுபிடித்தால் அவர் வேலைதான் தள்ளிப்போகும்.

தளமட்டம்
மீனா அக்கா சொன்னதில் ஒரு எழுத்துகூட மிகை இல்லை. நான் சிங்கப்பூரில் 18 வருடமாகக் கட்டுமானத் தளத்தில் சூப்பர்வைசர். கொண்டோவும் கட்டியிருக்கிறேன், வீவக வீடும் கட்டியிருக்கிறேன். தம்பி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் காலக்கெடு. வீவக புது வீட்டுக்கு, சாவி வாங்கிய நாளிலிருந்து 1 வருடம் குறைபாட்டுப் பொறுப்புக் காலம். அதற்குள் சொன்னால் கட்டிய ஒப்பந்தக்காரர் சரிசெய்து தர வேண்டும். அதற்கு மேல், குளியலறை, சமையலறைக் கூரைக் கசிவுக்கும் வெளியிலிருந்து நீர் இறங்குவதற்கும் 5 வருடம், கான்கிரீட் உதிர்வதற்கு 10 வருடம் உத்தரவாதம் இருக்கிறது. ஆனால் கீறல், டைல்ஸ், கதவு, பெயிண்ட் போன்றவற்றுக்கு முதல் மாதம்தான் உங்கள் மாதம். அந்த மாதத்துக்குள், ரெனொவேஷன் தொடங்கும் முன்பே, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். புது வட்டாரங்களில் இதற்கென்றே கட்டடச் சேவை நிலையம் வைத்திருப்பார்கள்.

ஏன் ரெனொவேஷனுக்கு முன்? உங்கள் ஆள் உள்ளே வந்து ஒரு டைல்ஸில் விரிசல் விழுந்தால், அது யார் போட்ட விரிசல் என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்போது எப்படிப் பார்ப்பது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு வெள்ளி (டாலர்) நாணயம் ஒன்று, ஒரு டார்ச், ஒரு வாளி, போன் சார்ஜர், கொஞ்சம் டிஷ்யூ, ஒரு சுருள் நீல டேப்.

டைல்ஸை நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். நன்றாக ஒட்டிய டைல்ஸ் "டிக் டிக்" என்று கெட்டியாகச் சொல்லும். அடியில் காரை பரவாத டைல்ஸ் காலிப் பானையைத் தட்டுவது போல "டொக்" என்னும். பத்து டைல்ஸ் தட்டினால் காது பழகிவிடும். ஓரத்தில் சின்னதாக ஓர் இடம் காலியாக ஒலித்தால் பதற வேண்டாம். பாதி டைல்ஸுக்கு மேல் ஒலித்தால் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் காய்ந்து திடீரென்று மழைக் குளிர் வரும்போது எழும்பிக்கொள்வது பெரும்பாலும் இந்த டைல்ஸ்தான்.

சுவரை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் விளக்கைப் போடாமல், டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். மேடு பள்ளம், பூச்சுத் திட்டு எல்லாம் நிழல் போட்டுக் காட்டும். தொழிற்சாலையிலேயே வார்த்துக் கொண்டுவரும் முன்வார்ப்புச் சுவர்கள் சேரும் இடத்தில் முடி போன்ற கோடுகள் வரலாம், அவை பூச்சுக் கீறல்கள்தான். விரல் நகம் உள்ளே இறங்கினால் எழுதிக் கொடுங்கள்.

ஆனால் என் அனுபவத்தில் புது வீட்டில் உண்மையில் கவலைப்பட வேண்டியது தண்ணீர் ஒன்றுதான். பெயிண்ட் கறையைப் பத்து வருடம் கழித்தும் சரிசெய்யலாம். குளியலறைத் தரையில் முழு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, கதவோரமாக உட்கார்ந்து அது எங்கே போகிறது என்று பாருங்கள். ஃப்ளோர் டிராப்பை, அதாவது தரை வடிகாலை, நோக்கிப் போக வேண்டும். பத்து நிமிடம் கழித்தும் மூலையில் தேங்கி நின்றால் வாட்டம் சரியில்லை. பிறகு, வடிகாலை அடைத்துவிட்டு, வாசல் கட்டைக்குக் கீழே நிற்கும்படி கொஞ்சம் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விடுங்கள். கீழ் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மறுநாள் அவர் குளியலறைக் கூரையைப் போய்ப் பாருங்கள். முதல் நாளே அறிமுகமும் ஆயிற்று.

சிங்க், கைகழுவும் தொட்டி ஒவ்வொன்றிலும் தண்ணீரை நிரப்பி மொத்தமாக விடுங்கள். விட்டதும் கீழே குழாய் இணைப்புகளை டிஷ்யூவால் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் டிஷ்யூவில் தெரியும். மீனா அக்கா வீட்டுக் கசிவு இதில் அகப்பட்டிருக்கும்.

ஈசூன் மீனா
அந்த டிஷ்யூ 20 காசு. நான் அலமாரிக்கும் குழாய்க்கும் தரைக்கும் சேர்த்துக் கொடுத்தது 7,000 வெள்ளிக்கு மேல்.

சிராங்கூன்காரன்
நல்ல மழை நாளில் ஒரு தடவை வீட்டுக்குப் போங்கள். ஜன்னலோரம் சுவரைத் தொட்டுப் பாருங்கள். வெயில் நாளில் எல்லா ஜன்னலும் நல்ல ஜன்னல்தான்.

மேற்குவாசல்
தளமட்டம் அண்ணே, மிக்க நன்றி. உங்கள் பதிவை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு சந்தேகம். ஒன்று, ஒரு மாதம் சோதனைக்கே போய்விட்டால் அம்மாவின் முகூர்த்தம் என்ன ஆவது? இரண்டு, வீட்டிலுள்ள பாம் ஷெல்டரை (குண்டுத் தாக்குதலிலிருந்து காக்கக் கட்டிய சிறு அறை) பூஜையறையாக மாற்ற அம்மாவுக்கு ஆசை. செய்யலாமா?

ஈசூன் மீனா
முகூர்த்தத்துக்கும் ரெனொவேஷனுக்கும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்? ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. ஆடியில் எப்படியும் புதுமனை புக மாட்டோம். அந்த ஒரு மாதத்தை வீட்டைச் சோதிக்க வைத்துக்கொள்ளுங்கள். ஆவணி முகூர்த்தத்தில் வெறும் வீட்டில் பால் காய்ச்சி விளக்கேற்றிவிடுங்கள். வெறும் வீட்டில்தான் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். ரெனொவேஷன் அதற்கப்புறம் ஆரம்பிக்கட்டும், நீங்கள் மெதுவாகக் குடியேறுங்கள். இங்கே எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் செய்கின்றன. அம்மாவிடம் ஐயரை விட்டே சொல்லச் சொல்லுங்கள், உடனே ஒத்துக்கொள்வார்.

எரிவாயு இணைப்புக்குத் தனியாக நாள் பதிவு செய்ய வேண்டும். அது வராவிட்டால் சின்ன கேஸ் அடுப்பு ஒன்று கொண்டுபோங்கள். ஹோமம் வளர்ப்பதாக இருந்தால் சிறியதாக வைத்து எல்லா ஜன்னலையும் திறந்துவிடுங்கள். 2018 ஜூன் முதல் புது வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். மந்திரத்தின் நடுவில் அது அலறினால் எல்லாருக்கும் சங்கடம்.

தளமட்டம்
பாம் ஷெல்டரில் சாமி அலமாரியை நிறுத்தி வைக்கலாம். சுவர், தரை, கூரை எதையும் இடிக்கக் கூடாது. இரும்புக் கதவைக் கழற்றக் கூடாது, காற்றுத் துளையை அடைக்கக் கூடாது. துளை போடுவதற்கும் வரையறை இருக்கிறது, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று குடிமைத் தற்காப்புப் படையின் விதியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். என் கருத்தைக் கேட்டால், தினமும் எண்ணெய் விளக்கு எரிக்க அது ஏற்ற அறை இல்லை. காற்றோட்டம் குறைவு, புகை படியும். கூடத்தில் கிழக்குப் பார்த்த ஒரு மூலை கிடைத்தால் அம்மாவுக்கு அதுதான் வசதி.

அப்புறம் குளியலறை. கட்டடம் முடிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குப் புது வீட்டுக் குளியலறையின் தரை, சுவர் டைல்ஸைப் பெயர்க்க அனுமதி இல்லை. அடியில் இருக்கும் நீர்க்காப்புப் படலத்தைக் காப்பாற்றத்தான் இந்த விதி. "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று எந்தக் கான்ட்ராக்டராவது சொன்னால், அவரை மாற்றுங்கள். வீவக பட்டியலில் பதிவான கான்ட்ராக்டரா என்றும் பாருங்கள், அது கட்டாயம்.

ஆறு வாரத்தில் முடிக்க அவசரமும் இல்லை. புது வீட்டுக்கு ரெனொவேஷன் அனுமதி 3 மாதம். இடிக்கிற, துளைக்கிற வேலை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும், சனி ஞாயிறு கிடையாது. அந்த நேரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் ஆறு வாரம் என்பதே இறுக்கம்தான்.

ரூபி92
எல்லாரும் சாவி வாங்கும் கட்டத்தில் இருக்கிறீர்கள். நாங்கள் இப்போதுதான் விண்ணப்பிக்கப் போகிறோம். கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா? கொண்டோ பக்கமும் மனம் போகிறது, போன வாரம் ஒரு காட்சி வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தூக்கமே இல்லை.

கணக்குப்பிள்ளை
ரூபி, முதலில் பிடிஓ. விண்ணப்பிக்கும் முன்பே வீவகவிடமிருந்து எச்எஃப்இ என்ற தகுதிக் கடிதம் வாங்க வேண்டும். உங்கள் தகுதி, மானியம், கடன் தொகை மூன்றும் அதிலேயே வந்துவிடும். விண்ணப்பக் கட்டணம் 10 வெள்ளி. வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கறைக்கும் அதற்கு மேலும் 2,000 வெள்ளி.

2024 ஆகஸ்டிலிருந்து வீவக கடனும் வங்கிக் கடன் போலவே விலையில் 75 விழுக்காடு வரைதான். மீதி 25 விழுக்காட்டை, வீவக கடன் எடுத்தால், முழுக்க சிபிஎஃப் (மத்திய சேமநிதி) சாதாரணக் கணக்கிலிருந்தே கட்டலாம். வங்கிக் கடன் என்றால் குறைந்தது 5 விழுக்காடு ரொக்கமாக வேண்டும். மாதத் தவணை வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 4 லட்சம் வெள்ளி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 6,600 வெள்ளி வரும்.

பலர் தவறவிடும் ஒன்று: வீவக கடன் எடுக்கும்போது சாதாரணக் கணக்கில் 20,000 வெள்ளி வரை விட்டுவைக்கலாம். விட்டுவையுங்கள். வேலை போனால் பல மாதத் தவணையை அது தாங்கும். இன்னொன்று, ரெனொவேஷனுக்கு சிபிஎஃப் பணத்தைத் தொட முடியாது. எல்லாம் ரொக்கம். வீடு கிடைத்து ரெனொவேஷனுக்குக் கடன் வாங்கி, அந்தக் கடனில் மூச்சுத் திணறும் இளம் தம்பதிகளை நிறையப் பார்க்கிறேன், மனது கஷ்டமாக இருக்கிறது. பிடிஓ வீட்டில் தரையும் உள் கதவுகளும் குளியலறைச் சாதனங்களும் விருப்பத் திட்டத்தில் வாங்கிக்கொள்ளலாம். அழகு குறைவாக இருந்தாலும் முதல் ஐந்து வருடத்துக்குத் தாராளமாகப் போதும்.

இனி கொண்டோ. காட்சி வீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஓர் இரவு வீட்டில் தூங்குங்கள். முன்பதிவுத் தொகை விலையில் 5 விழுக்காடு. 15 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 75,000 வெள்ளி. விற்பனை ஒப்பந்தம் கைக்கு வந்து 3 வாரத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று பின்வாங்கினால் அந்த 75,000 வெள்ளியில் கால்வாசி, அதாவது 18,750 வெள்ளி, திரும்பி வராது. தொடர்ந்தால், முன்பதிவு நாளிலிருந்து 8 வாரத்துக்குள் மொத்தம் 20 விழுக்காடு கட்டியிருக்க வேண்டும். அதற்கப்புறம் அஸ்திவாரத்துக்கு 10, கான்கிரீட் சட்டத்துக்கு 10, சுவருக்கு 5 என்று கட்டடம் எழும்ப எழும்பத் தவணை. டிஓபி (குடியேறுவதற்கான தற்காலிக அனுமதி) வரும்போது ஒரேயடியாக 25 விழுக்காடு. வாடகையும் கட்டிக்கொண்டு ஏறிக்கொண்டே போகும் தவணையையும் கட்ட வேண்டிய மாதங்கள் வரும். அவற்றைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

2025 ஜூலை 4 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கிய வீட்டை 4 வருடத்துக்குள் விற்றால் விற்பவர் முத்திரைத் தீர்வை உண்டு, முதல் வருடத்தில் 16 விழுக்காடு. "டிஓபி வந்ததும் விற்றுவிடலாம்" என்று முகவர் சொன்னால் இந்தத் தேதியைக் கேளுங்கள்.

தளமட்டம்
கொண்டோ வரைபடத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். ஏர்கான் வெளிப்பகுதி வைக்கும் திண்டும், உயரக் கூரையின் வெற்றிடமும் நீங்கள் காசு கொடுக்கும் சதுர அடிக்குள் வருகின்றனவா? 2023 ஜூனில் அளவு முறையை மாற்றினார்கள், அதற்கு முந்தைய திட்டங்களில் இவை பரப்பளவில் சேர்ந்திருக்கும். நின்று பல் தேய்க்கக்கூட முடியாத திண்டுக்குக் கூடத்தின் விலை. இரண்டாவது, எந்தச் சுவரை இடிக்கலாம், எதை இடிக்க முடியாது என்று எழுத்தில் கேளுங்கள். தொழிற்சாலையில் பெட்டி பெட்டியாகச் செய்து அடுக்கும் முறையில் கட்டிய கட்டடம் என்றால், பெட்டிகளின் சுவர்களே தூண்கள். இரண்டு அறையை ஒன்றாக்கலாம் என்ற கனவு அங்கே நடக்காது.

குறை விஷயத்தில் கொண்டோவுக்கும் 12 மாதம். எழுதிக் கொடுத்து 1 மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும். எதையும் வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள்.

பழைய உட்லண்ட்ஸ்
ரூபிக்கு ஒரு வார்த்தை. நம் ஆட்கள் இதை வீடு தேர்ந்தெடுக்கும் நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள். வீவக வீடுகளில் ஒவ்வோர் இனத்தவரும் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பிடும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 முதல் இருக்கிறது. இந்தியர், மற்றவர் பிரிவுக்கு ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, வட்டாரத்தில் 12 விழுக்காடு வரம்பு. எங்கள் வரிசை எண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் குறித்து வைத்த புளோக்கில் நம் ஒதுக்கீடு முதல் நாளிலேயே தீர்ந்துவிட்டது. தேர்வு நடக்கும் நாட்களில் வீவக பக்கத்தில் இனவாரியாக எத்தனை வீடு மீதி என்று போடுவார்கள். தினமும் பாருங்கள். ஒரு வீட்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகாமல் நாலைந்து புளோக்கில் குறித்துக்கொண்டு போங்கள்.

விற்கும்போதும் இது வரும். நம் ஒதுக்கீடு நிறைந்த புளோக்கில் இந்தியர் வீட்டை இந்தியரே வாங்கலாம், வேறு இனத்தவரும் வாங்கலாம். மற்ற இனத்தின் ஒதுக்கீடு நிறைந்திருந்தால்தான் நமக்குச் சிக்கல், அந்த இனத்தவருக்கு விற்க முடியாது. வாங்குபவர் கூட்டம் சுருங்கும், விலையும் இறங்கும். என் அண்ணன் வீடு இப்படி ஒரு வருடம் விற்காமல் கிடந்தது. எனக்கு இந்தக் கொள்கையின் நோக்கம் பிடிக்கும். பக்கத்து வீட்டு மாமி ரம்ஜானுக்குக் கொடுத்த பலகாரத்தைத் தின்று வளர்ந்தவன் நான். ஆனால் அதன் பாரம் சிறுபான்மையினர் மேல் அதிகம் விழுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நல்ல இடத்தில் கட்டும் பிளஸ், பிரைம் வகை பிடிஓ என்றால் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம், அதாவது விற்காமல் குடியிருக்க வேண்டிய காலம், 10 வருடம். சாதாரண வகைக்கு 5. அதையும் யோசித்து விண்ணப்பியுங்கள்.

ரூபி92
காட்சி வீட்டு முகவர் இன்று காலை மறுபடி கூப்பிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கணக்குப்பிள்ளை சார் எழுதியதை வைத்து இரவு முழுக்கத் தாளில் போட்டுப் பார்த்தோம், டிஓபி வருடத்தில் எங்களால் முடியாது. பிடிஓவுக்கே போகிறோம். எல்லாருக்கும் நன்றி.

மேற்குவாசல்
சாவி வாங்கிவிட்டோம். முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நாணயமும் வாளியுமாகப் போய்விட்டோம். டைல்ஸ் தட்டும் வேலை மகனுக்கு. அரை மணி நேரத்தில் அவன் காது என்னைவிடத் தேறிவிட்டது, "அப்பா, இது டொக்" என்று கூடத்தில் ஏழு இடம் குறித்தான். ஒரு படுக்கையறை ஜன்னல் இழுக்கச் சிரமமாக இருந்தது. ஒரு பிளக்கில் மின்சாரம் இல்லை.

பொதுக் குளியலறையில்தான் விஷயம். வாளியைக் கவிழ்த்ததும் பாதித் தண்ணீர் ஃப்ளோர் டிராப்புக்குப் போனது, மீதி கதவு மூலைக்கு வந்து உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. அம்மா சுவரில் சாய்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து நிமிடம் கழித்தும் அப்படியே இருந்தது. "இங்கேதான் நான் தினமும் கால் வைப்பேன்" என்றார். அவருக்கு 71 வயது.

எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டி எண் போட்டு, தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று படம் எடுத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். ரெனொவேஷன் கான்ட்ராக்டரிடம் செப்டம்பரில் ஆரம்பிக்கலாம் என்றேன். கொஞ்சம் முகம் சுளித்தார், ஒத்துக்கொண்டார்.

தளமட்டம்
தம்பி, வீட்டைக் கட்டிய ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அந்த மூலை டைல்ஸை எடுத்துத் திரும்பப் பதிக்கும்போது அடியில் நீர்க்காப்புப் பூச்சையும் புதிதாகப் பூசுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பூச்சு காய்ந்தபின் தண்ணீர் கட்டிச் சோதித்துவிட்டுத்தான் டைல்ஸ் பதிக்க வேண்டும். தேதி போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேற்குவாசல்
இன்று ஆடிப்பெருக்கு. மூலை டைல்ஸ் பதித்து முடித்துவிட்டார்கள், நீங்கள் சொன்னபடி பூச்சு, தண்ணீர் கட்டிய சோதனை இரண்டுக்கும் படம் இருக்கிறது. வேலை செய்த இரண்டு பேரும் நம் ஊர்க்காரர்கள், ஒருவர் விருத்தாசலம் பக்கம். அம்மா அவர்களுக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அவர்கள் போனபிறகு அம்மாவே வாளியைத் தூக்கி அந்த மூலையில் ஊற்றினார். தண்ணீர் நிற்காமல் நேராக வடிகாலுக்குப் போனது. இன்னொரு தடவை ஊற்றினார், அப்புறம் மூன்றாவது தடவையும்.

படுக்கையறை ஜன்னல் மட்டும் பாக்கி. வியாழக்கிழமை வருகிறார்கள்.